இரண்டு வக்காலத்து

இருபத்தேழாம் நம்பர் என்று ஜெபசிங் வக்கீல் சொல்லிவிட்டு உள்ளே போனார், இப்போது ஐந்தோ ஆறோ ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது, சிலது எச்சில் விழுங்குவதற்குள் முடிந்துவிடுகிறது, சிலதுக்கு இரண்டு கறுப்பு அங்கிகள் எழுந்து நின்று மாறி மாறி இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருக்கின்றன. வராந்தாவில் இந்தத் தூணை ஒட்டி நின்றால் கதவுக் கண்ணாடி வழியாக ஜட்ஜின் தலை தெரிகிறது. அதே தலை. என் மகன் காளிராஜுக்கு ஜாமீன் கிடையாது என்று முன்னே சொன்ன அதே நரைத்த தலை. போன வாரம் வேறொரு ஜட்ஜிடம்தான் என் மனு போயிருந்தது, அவர் இளவயசு, மனசு இளகினவர், வருகிறவர்களில் பாதிப் பேரை விட்டுவிடுகிறார் என்று ஜெபசிங் சொல்லியிருந்தார், நானும் ஊர் திரும்பி ஒரு தேங்காய் உடைத்தேன், முந்தாநாள் போன் வருகிறது, "பெரியவரே, கோர்ட்டு மாறிப்போச்சு, பழைய ஜட்ஜ்கிட்டயே போகச் சொல்லிட்டாங்க." ஒரு ஜட்ஜ் ஒருதரம் தள்ளிவிட்டால் அடுத்த தரமும் அவரிடம்தான் போக வேண்டுமாம், அவர் அந்த நாற்காலியில் இருக்கிறவரை வேறு ஆளைத் தேடக் கூடாதாம், தேடவிட்டால் ஆளாளுக்குத் தனக்குத் தோதான ஜட்ஜைப் பார்த்து அலைவார்களாம், அதுதான் கோர்ட்டு ஒழுங்காம். ஒழுங்கு. இல்லை என்று சொன்ன வாசலிலேயே போய் மறுபடியும் நிற்பதற்குப் பெயர் ஒழுங்கு. நான் என் ஆயுசில் அப்படி நின்றதில்லை. ஊர் முக்கு டீக்கடைக்காரன் ஒருநாள் எனக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் டீ கொடுத்தான், அன்றோடு சரி, அவன் செத்து அவன் மகன் கடை நடத்துகிற இந்தக் காலத்திலும் நான் அந்தப் பக்கம் திரும்பினதில்லை, மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. ஒரு முதலாளி நான் மூட்டம் போட்டுச் சுட்டெடுத்த கரியைக் கையில் எடுத்துப் பார்த்து, மண்ணாக இருக்கிறதே என்றார், அதன் பிறகு அவருக்கு நான் ஒரு விறகு அடுக்கிக் கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரி குருவம்மா இதற்கென்றே சிரிப்பாள், "இன்னும் நாலு பேரோட மொறச்சீகன்னா ஒங்களுக்கு நடக்கத் தெருவு இருக்காது, ஆகாசத்துலதான் நடக்கணும்" என்பாள். சிரிக்கட்டும் என்று விடுவேன். இப்போது அவள் இல்லை. இந்த ஜட்ஜிடம் போய் நில் என்கிறார்கள், நிற்கிறேன், மகனுக்காக நிற்கிறேன், ஆனால் கால் கூசுகிறது, செருப்பில்லாமல் முள்ளில் நிற்பது போல.

தரை முழுக்க பினாயில் வாடை. கரிமூட்டத்துப் புகையிலேயே கிடந்த மூக்குக்கு இந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது, குருவம்மாவைக் கடைசியாகப் படுக்கப் போட்டிருந்த கட்டில் ஞாபகம் வருகிறது. என் விரல் ரேகைகளில் கரி ஏறியிருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போகாது, காலையில் வாசலில் போலீஸ்காரர் பையைச் சோதனை போட்டுவிட்டுக் கையை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு விரல்களைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு என்று உள்ளே யாரோ சொன்னது போல இருக்கிறது. அதற்குள்ளாகவா. இல்லை, பதினொன்று. படிக்கட்டு ஏறி வருகிறது யார், வெள்ளைச் சட்டை, அந்த நடை, ஒரு தோள் கொஞ்சம் இறங்கி, ஆட்டை இழுத்து இழுத்தே அப்படியாகிப்போன தோள். சோலையப்பன். குருவம்மாவின் தம்பி. அவனுக்குப் பின்னால் அவன் மகள் வீரலட்சுமி, என் மருமகள், என் மகனைக் கட்டினவள், அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோன மறுவாரமே அப்பன் வந்து கூப்பிட்டான் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள். இவர்கள் எதற்கு இன்று வந்தார்கள். நான் மனுப் போட்டது எப்படித் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள், கிழவன் என்ன கிழித்தான் என்று பார்க்க. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், சுவரில் நம்பர் நம்பராக ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷ், இருந்தாலும் படிக்கிறவன் மாதிரி நிற்கிறேன். அவன் முகத்தை நான் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். குருவம்மாவை எடுத்த அன்று பார்த்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து விழாமல் ஒரு பொம்பளையை எடுக்கக் கூடாது, எடுத்தால் அவளுக்கு நாதியில்லை என்று அர்த்தம், எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நான் காத்திருந்தேன். பொழுது சாயும்வரை காத்திருந்தேன், ஐஸ் தண்ணியாக உருகித் தெருவில் ஓடியது, ஈ மொய்க்க ஆரம்பித்தது, பெரியவர்கள் இன்னும் பார்ப்போம் இன்னும் பார்ப்போம் என்றார்கள், வரவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதாம், பிறகு சொன்னார்கள். பஸ் நின்றால் நடக்கக் கூடாதா, கூடப்பிறந்தவள் செத்துக் கிடக்கிறாள். பாடை தெருமுனை தாண்டும்போது தட்டும் சேலையுமாக ஓடி வருகிறான், "அத்தான் எறக்குங்க, ஒரு நிமிசம் எறக்குங்க, எங்கக்காவுக்கு" என்று. தூக்கினதை நடுத்தெருவில் இறக்குவார்களா. நான் நிற்கவில்லை, தூக்கினவர்களையும் நிற்க விடவில்லை. சேலையைப் பிரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பக்கத்திலேயே ஓடிவந்தான், காற்றில் அது பறந்து பறந்து என் முகத்தில் அடித்தது, புதுத்துணிக் கஞ்சி வாடை. சுடுகாட்டு வேலி வரைக்கும் வந்தான், அப்புறம் காணோம். ஊரில் எல்லாரும் நான் இறக்காததையே பேசுகிறார்கள். நான் காத்திருந்த நேரத்தை ஒருவனும் பேசவில்லை.

கதவு திறந்து ஜெபசிங் வருகிறார், முகம் சரியில்லை, நெற்றியில் வேர்த்திருக்கிறது, வெள்ளைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். "பெரியவரே, இருபத்தேழும் இருபத்தெட்டும் சேத்து வருது. ரெண்டுலயும் ஒங்க மகன் பேரு. இதென்ன கூத்து?" எனக்கு விளங்கவில்லை. "ஒங்க சம்பந்தி ஒரு மனு போட்டிருக்காரு, முன்னாடி போட்ட அதே லேடி வக்கீலை வச்சு. அதுவும் இன்னைக்கே இங்கேயே வந்திருக்கு. ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?" தெரியாது. எப்படித் தெரியும், பேச்சுவார்த்தையா இருக்கிறது. முதலில் மனுப் போட்டதும் அவன்தான், சோலையப்பன்தான், அதைத்தான் இந்த ஜட்ஜ் தள்ளிவிட்டார், அப்போதே எனக்குத் தெரியும், அவன் தொட்டது விளங்காது என்று. என் பிள்ளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கீழ்க் கோர்ட்டு வாசலில் விசாரித்து விசாரித்து இந்த ஜெபசிங்கைப் பிடித்தேன். பிடித்த அன்று அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், இதற்கு முன்னால் ஐகோர்ட்டில் போட்டிருக்கிறீர்களா என்று. நான் போடவில்லை என்றேன். அதில் என்ன பொய். நான் போடவில்லை. அவர் முதல் மனு என்று எழுதிக்கொண்டார். முந்தாநாள் போனில் அதையே பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார், ஏன்யா மறைத்தீர் என்று, கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும், சோலையப்பன் போட்டானா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், அவன் பெயரை என் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்றால் சொல்லியிருப்பேன். "இப்ப ஜட்ஜ் கேட்டா, முன்ன போட்டதே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்று காதோரம் சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது. தெரியுமே. பக்கத்தில் ஆட்டு வாடை அடிக்கிறது. திரும்பாமலே தெரிகிறது, வந்து நிற்கிறான். "அத்தான்" என்கிறான். நான் சுவரைப் படிக்கிறேன். "அத்தான், ஒரு வார்த்த. நீங்க போட்டத வாபஸ் வாங்கிக்கிடச் சொல்லுங்க. மருமவன் வண்டியில லோடு ஏத்திவிட்ட பய போலீசுல அம்புட்டுட்டான். அத வச்சுத்தான் அந்த வக்கீலம்மா மறுபடி போட்டுருக்காக. புதுசா ஒரு விசயம் இருந்தா எங்கிட்டயே வாங்கன்னு இந்த ஜட்ஜய்யா அன்னைக்கே சொன்னாகளாம். இன்னைக்குக் கெடச்சுரும்னு சொல்லுதாக அத்தான்." கெடச்சுரும். சொல்கிற முகத்தைப் பார். அவன் வாங்கிக் கொடுப்பான், என் மகன் வெளியே வந்து அவன் வீட்டுக்குப் போவான், அவன் ஆட்டைக் கறியாக்கிச் சாப்பிடுவான், ஊர் சொல்லும், பெத்தவன் பிடுங்காததை மாமன் பிடுங்கினான் என்று. "மாமா" என்று வீரலட்சுமி குரல், மெல்லிசாக, "அவுக ரொம்ப எளச்சுட்டாக மாமா." சுவரில் அடுத்த நம்பருக்குப் போகிறேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டு வாடை நகர்ந்து போகிறது. எனக்குத் தெரியாதா இளைத்தது. நானும் ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கிறேன்தானே. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் ஒருவர் சொல்வதும் ஒருவருக்குக் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஜெபசிங்குக்கு வக்காலத்துப் பேப்பர் வேண்டும், உள்ளே அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு, யாரிடமும் மூச்சுவிடாதே என்று சொல்லப் போன அன்று, அவன் வலையில் விரலை மாட்டிக்கொண்டு, "யப்பா, போன வாரம் மாமாவும்" என்று ஆரம்பித்தான். அவன் பேச்சை எடுக்காதே என்றேன். "இல்லப்பா, அது" என்றான். எடுக்காதே என்றேன். சரிப்பா என்றான். எப்போதும் சரிதான். அவனுக்கு இல்லை என்ற வார்த்தை வராது, எனக்கு நேர்மாறு, எந்தக் கழுதையிடம் இருந்து வந்ததோ அந்தக் குணம், பள்ளிக்கூடத்தில் அவன் சிலேட்டை எவன் கேட்டாலும் கொடுத்துவிட்டு வருவான், பெரியவனாகிக் குட்டியானை வண்டி ஓட்டும்போதும் அப்படித்தான், கரி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் எவன் கை காட்டினாலும் நிறுத்துவான், எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்வான். எதைக் கொடுத்தாலும். செக்போஸ்டில் கரி மூட்டைகளை இறக்கச் சொன்னபோது அடியில் கஞ்சா இருந்தது. தெரியாமல் ஏற்றினானா, தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ஏற்றினானா. இதை நான் அவனிடம் கேட்டதில்லை. ஒவ்வொரு தரமும் கேட்கத்தான் போகிறேன், வலைக்கு முன்னால் நின்றதும் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பிடிபடுவதற்கு முந்தின மாதம் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டான். ஏது என்று கேட்டதற்கு லோடு நிறைய என்றான். லோடு நிறையத்தான் இருந்தது, இருந்திருக்கும், மழைக்கு முந்தின மாதம் லோடு இருக்கும்தானே, எல்லாரும் கரியை அப்போதுதான் தள்ளிவிடுவார்கள். இப்போது மழை பெய்தால் அந்தத் தகரத்தில் படபடவென்று சத்தம் கேட்கிறது, நான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். மூட்டம் மாதிரி, மேலே மண் பூசி வைத்திருக்கிறேன், புகை போக ஒரு துளை போதும், ஆறுவதற்கு முன்னால் பிரித்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் கரி கிடையாது, சாம்பல்தான்.

காளிராஜ் என்று கூப்பிட்டார்கள், தகப்பன் பெயர் வேலாண்டி என்று என் பெயரும் வந்தது, இரண்டு தரம் வந்தது, ஒரே பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். உள்ளே குளிராக இருக்கிறது, மிஷின் குளிர், செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் வாசலிலேயே கழற்றிவிட்டேன், கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். அந்தக் கடைசியில் சோலையப்பன் நிற்கிறான், அவனும் வெறுங்கால். நடுவில் வீரலட்சுமி. முன்னால் ஜெபசிங், அவருக்குப் பக்கத்தில் நரைத்த கொண்டை போட்ட ஒரு வக்கீலம்மா, இந்தப் பக்கம் அரசாங்க வக்கீல், பருமனான ஆள், இரண்டு கட்டுக் காகிதத்தையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டி ஏதோ சொல்கிறார், தராசு பிடிக்கிறவன் மாதிரி. ஜட்ஜ் ஒன்றைப் பார்க்கிறார், மற்றதைப் பார்க்கிறார், மறுபடியும் முதலாவதைப் பார்க்கிறார். பெயில், பெயில் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபடுகிறது. வக்கீலம்மா நிதானமாகப் பேசுகிறாள், ஜட்ஜ் தலையாட்டுகிறார், ஆமாம் என்பது போலத்தான் ஆட்டுகிறார், கிடைத்துவிடும் போல, யார் வாங்கிக் கொடுத்தால் என்ன, இல்லை, யார் வாங்கிக் கொடுத்தால் என்னவா, அப்படி விட்டுவிட முடியுமா. அப்புறம் ஜெபசிங் பேசுகிறார், வேகமாகப் பேசுகிறார், பின்னால் திரும்பி என்னைக் காட்டுகிறார். எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. ஜட்ஜ் தமிழில் கேட்கிறார், "பையனோட அப்பா யாரு? முன்னால வாங்க." எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை, தரை வழுவழுவென்று காலடியில் ஓடுகிறது. "உங்க வக்கீல் போட்ட மனுவுல இதுதான் முதல் மனுன்னு எழுதியிருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு மனு வந்து நான் தள்ளுபடி பண்ணது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" ஜெபசிங் கண்ணாலேயே எனக்குச் சாடை காட்டுகிறார். "தெரியும்ங்கய்யா" என்றேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" "அது நான் போட்டதில்லைங்கய்யா. அது அவங்க போட்டது." சுற்றிலும் சிரிப்பு, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு, காகிதங்கள் சிரிப்பது போல. ஜட்ஜ் சிரிக்கவில்லை. "நீங்க போட்டாலும் அவங்க போட்டாலும் உள்ள இருக்கிறது ஒரே ஆள்தானேய்யா?" என்றார். ஒரே ஆள்தான். ஒரே பிள்ளைதான். அவனுக்குப் பின்னாலும் இரண்டு குழந்தை பிறந்தன, இரண்டும் தங்கவில்லை, அதையெல்லாம் இங்கே சொல்ல முடியுமா. வக்கீலம்மா ஏதோ கெஞ்சுகிறாள், இங்கிலீஷிலும் கெஞ்சல் கெஞ்சலாகத்தான் இருக்கிறது. ஜட்ஜ் இரண்டு பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உங்க மேல தப்பில்லம்மா. நீங்க ஒழுங்கா என்கிட்டதான் வந்திருக்கீங்க. ஆனா ரெண்டு வக்காலத்துலயும் கையெழுத்து அவன் போட்டிருக்கான் பாருங்க. ஒரு வாரம்தான் இடைவெளி. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க, எந்தக் கதவு திறக்குதோ திறக்கட்டும்னு இருந்திருக்கான். இதை விட்டா நாளைக்கு எல்லாரும் இதைத்தான் செய்வாங்க." இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அவனுக்குக் கதவும் தெரியாது ஒன்றும் தெரியாது, இரண்டு பேர் இரண்டு காகிதம் நீட்டினார்கள், நான் மூச்சுவிடாதே என்றேன், அவனுக்கு இல்லை என்று சொல்ல வராது, அவ்வளவுதான் ஐயா, அவனுக்கு எதற்கும் இல்லை என்று சொல்ல வராது என்று நான் சொல்லப் போனேன், வாயைத் திறந்தேன், திறந்த வாயில் அந்த நினைப்பு வந்து அடைத்துக்கொண்டது, அப்படிச் சொன்னால், எதற்கும் இல்லை என்று சொல்ல வராது என்று நானே சொன்னால், அந்த வண்டியில் ஏற்றினதற்கும் அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான் என்று ஆகிவிடாதா. வாயை மூடிக்கொண்டேன். ஜட்ஜ் ஒரு நொடி என்னையே பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தது போல இருந்தது. "ரெண்டையும் தள்ளுபடி பண்றேன். கீழ் கோர்ட்டுல முக்கியமான சாட்சிங்க முடியட்டும். அதுக்கப்புறம் வாங்க." குனிந்து எழுதினார். எழுதிக்கொண்டே, "என்கிட்டயே வாங்க" என்றார். இருபத்தொன்பது என்று கூப்பிட்டார்கள்.

பஸ் கிளம்பி ரொம்ப நேரமாகியும் ஊர் தாண்டவில்லை, சிக்னல் சிக்னலாக நிற்கிறது. சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், வெயில் நேராகத் தொடையில் விழுகிறது, திரையை இழுத்துவிட மனசில்லை. சாட்சிகள் எப்போது வருவார்கள் என்று ஜெபசிங்கிடம் கேட்டேன், "வருவாங்க, வருஷம் ஆகும், ரெண்டும் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார், கோபத்தில் அங்கியை மடிக்கக்கூட இல்லை, வால் மாதிரி இழுபட்டுக்கொண்டே போனது. வீரலட்சுமி அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள், அழவில்லை, என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமா, எங்கப்பா ஒங்க பக்கத்துலதான நின்னாக" என்றாள். கேட்டிருக்கலாம். இவர்களும் சொல்லியிருக்கலாம், ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருக்கலாம், மனுப் போடுகிறோம் என்று. அவர்கள் ஏன் சொல்லவில்லை. நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. நான் ஏன் முறைத்தேன். ஒரு சேலையை ஒருவன் நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் குருவம்மா ஒழுங்காகப் போயிருப்பாள், நானும் அவனும் பேசிக்கொண்டிருப்போம், ஒரே வக்கீல், ஒரே பேப்பர், ஒரே கையெழுத்து, இந்நேரம் என் பிள்ளை ஜெயில் வாசலில் நிற்பான், தாடியோடு, கையில் பையோடு, வெளிச்சத்துக்குக் கண் கூசிக்கொண்டு. ஒரு பஸ் வழியில் நின்றது. அது நிற்காமல் இருந்திருந்தால். இல்லை, நான் இறக்கியிருந்தால். இல்லை, அது இல்லை, தூக்கினதை இறக்கக் கூடாது, அன்றைக்கே பொழுது சாய்ந்துவிட்டது. சேலை பறந்து முகத்தில் அடிக்கிறது, சன்னல் காற்றுத்தான், முன் சீட்டுப் பெண்ணின் முந்தானை. பின்னால் மூன்றாவதோ நாலாவதோ சீட்டில் ஆட்டு வாடை இருக்கிறது, ஏறும்போதே பார்த்தேன், இருக்கிறது இந்த ஒரு பஸ்தான், எல்லாரும் இதில்தான் போக வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வருகிறார், என்னைத் தாண்டிப் போகிறார். "எனக்கு" என்றேன். "ஒங்களுக்கு எடுத்தாச்சு பெரியவரே. பின்னாடி வெள்ளச் சட்டக்காரரு மூணா எடுத்துட்டாரு." "அவங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணு கொடும்." கண்டக்டர் பின்னால் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு டிக்கெட்டு? காசு கனக்குதா?" முன் சீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். "கொடும்யா" என்று கையை நீட்டிக்கொண்டே இருக்கிறேன், கரி ஏறின கை, அவர் என்ன நினைத்தாரோ, கிழித்து வைத்துவிட்டுப் போகிறார். டிக்கெட்டை மடித்துப் பையில் வைக்கிறேன், எடுத்துப் பார்க்கிறேன், மறுபடி வைக்கிறேன். வியாழக்கிழமை ஜெயிலில் பார்க்க விடுகிற நாள். என்ன ஆச்சுப்பா என்று வாயசைப்பான். என்ன சொல்வது. அதற்கு முன்னால் அவர்கள் போய்ச் சொல்லிவிட்டால், உங்கப்பாவால்தான் என்று அந்த வலைக்கு அந்தப் பக்கம் அவன் கேட்டுவிட்டால், அதற்கும் சரி என்றுதான் தலையாட்டுவான். வாரத்துக்கு ஒரு தரம்தான் பார்க்க விடுவார்கள், வாசலில் மனு எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே கூப்பிடுவார்கள், யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான், அடுத்து வருகிறவர்கள் அடுத்த வாரம்தான். வியாழக்கிழமை இருட்டோடே எழுந்துவிட வேண்டும். முதல் பஸ்ஸையே பிடித்துவிட வேண்டும். அவர்கள் வந்து சேர்வதற்குள் என் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.